செல்லம்மாவுக்கு ஒரு குரல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு 'நிச்சயக்காரி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நல்லெண்ணத்தில் வைத்தது இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயம் லயமாக ஏறி இறங்குவேன். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கிறவளைக்கூட விடமாட்டேன். "இன்னிக்கே உசுரு போயிருச்சுன்னா எங்க போவீங்க? நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்பேன். "எனக்குத் தெரியும். எம் பேரு அங்க எழுதியிருக்கு" என்பேன். என்னைத் தூரத்தில் கண்டதுமே கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. சாத்தின கதவுக்கு வெளியே நின்றும் பேசுவேன். எனக்கு வாய் அப்படி.

நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தபிறகு அந்த வாய் அடங்கிவிட்டது. "எஸ்தருக்கு நோயில சத்தமெல்லாம் போயிருச்சு" என்று சபைக்கு வராதவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு இருந்தேன். நோய் பாதிதான். மிச்சத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

முதலில் பெயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் எடுத்தபோது எனக்கு எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன் காளியம்மா. என் வீட்டுக்காரர் முனியாண்டி, யாகோபு ஆனார். இரண்டு பேரும் தோட்டத்து ஆபீசுக்குப் போய், செக்ரோலில், வேலையாட்களின் பேர்ப்பதிவில், பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டோம். கணக்கப்பிள்ளை ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். "பிரஜா உரிமைக்கு மனுப் போட்டிருக்கீங்க. மனுவுல ஒரு பேரு, செக்ரோல்ல ஒரு பேருன்னா, நீ யாருன்னே தெரியலை போன்னு தள்ளிடுவான். பேசாம இருங்க" என்றார். பேசாமல் இருந்துவிட்டோம்.

அதைச் சபையில் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் சாட்சி சொல்ல எழுந்து, "அந்தப் பழைய பேரைக் குழி தோண்டிப் பொதைச்சிட்டேன்!" என்று ஒரு போடு போட்டேன். உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது. நோர்வூட் பக்கம் ஏழெட்டுத் தோட்டங்களுக்கு அவர் ஒருவர்தான். குடையும் பையுமாக நடந்தே போகிற மனுஷர். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். மறுநாள் விடிகாலை பெரட்டில், வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, "காளியம்மா" என்றதும் முதல் ஆளாக "வந்துட்டேங்க!" என்றேன்.

பெரட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருத்தி பிந்திவிட்டால் பக்கத்தில் நிற்கிறவள் அவளுக்காகக் குரல் கொடுப்பாள். கங்காணிக்கும் தெரியும், சில நாள் திட்டுவார், சில நாள் விட்டுவிடுவார். நான் யாருக்கும் கொடுத்ததில்லை. பொய் சொல்லக்கூடாது இல்லையா! எங்கள் லயத்து ராக்காயி பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவருவது என் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் கூலிதான் விழுந்தது. "ஒரு குரல் குடுத்தா உங்க சாமி கண்ணக் குத்திருமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சத்தியத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிட்டுத்தான் மலை ஏறினேன்.

மழைக்காலத்தில் இருமல் வந்தது. மழையில் நனைந்து கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இருமல் என்ன புதிதா? தோட்டத்து டாக்டரய்யா சிவப்பு மிக்சர் கொடுத்தார். பிறகு வலது விலாவில் ஒரு குத்தல். சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் வியர்வை. கடைசியில் கூடையை முதுகில் மாட்டி நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு நாள் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரய்யா முகம் மாறி, ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். துண்டில் 'காளியம்மா, கணவன் பெயர் முனியாண்டி' என்று இருந்தது. தோட்டத்து லொறியில் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே என்னை உட்காரவைத்து டவுனுக்குக் கொண்டுபோனார்கள். என் மகள் ரூத்துக்கு அப்போது ஆறு வயது. லொறிக்குப் பின்னால் ஓடிவந்து, வளைவில் நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்க வாங்கில், மரப் பெஞ்சில்தான். ஒரு அறையில் பெயர் எழுதுவார்கள், இன்னொரு அறைக்கு முன்னால் உட்காரச் சொல்வார்கள். டாக்டர் சிங்களவர், சின்ன வயது, நல்ல மனுஷர். என் முதுகில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். இடது பக்கம் வெறும் தகரடின் மாதிரி சத்தம் வந்தது. வலது பக்கம் கீழே நிறைந்த பீப்பாயைத் தட்டின சத்தம். எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலுக்கு வெளியே, அதைச் சுற்றியிருக்கிற உறைக்குள் நீர் கோத்திருக்கிறதாம். அந்த நீர் அழுத்துவதால் நுரையீரல் விரியமுடியவில்லையாம். காசக் கிருமியின் வேலை என்றார்கள். சளியில் கிருமி இல்லாததால் அடுத்தவர்களுக்கு ஒட்டாது என்று பொதுவார்டிலேயே கட்டில் கொடுத்தார்கள். கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை. அதிலும் காளியம்மா.

எங்கள் லயத்தில் காசம் வந்த இரண்டு பேரில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. ஊரையெல்லாம் எங்கே போவாய் என்று கேட்ட நான், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். நிச்சயம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தேன். இருந்ததாகத்தான் தோன்றியது, ஆனால் கைக்கு எட்டவில்லை.

"மொத நாள் எல்லாரும் அழுவாங்க தங்கச்சி. நாளைக்குப் பாணும் பருப்பும் குடுத்தா சரியாயிரும்" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் கட்டில் அட்டையில் 'பார்வதி' என்று இருந்தது. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம். ஐம்பது வயதிருக்கும். அவளால் மல்லாந்து படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணையை முதுகுக்கு வைத்து, உட்கார்ந்தபடியே தூங்குவாள். கால் இரண்டும் வீங்கி மினுமினுவென்று இருக்கும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்துக்குள்ளே இருக்கிற கதவைக் கெடுத்துவிட்டதாம். கதவு சரியாக மூடாததால் ரத்தம் திரும்பி வந்து, உடம்பெல்லாம் நீர் தங்கிவிடுகிறது. டாக்டர் இப்படித்தான் விளக்கினார். "எங்க லயத்துக் கதவும் அப்படித்தான், மூடவே மூடாது" என்று சொல்லி அவரைச் சிரிக்கவைத்தாள்.

என் நீரை எடுத்த நாளை மறக்கமாட்டேன். தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் குனிந்து உட்காரச் சொன்னார்கள். முதுகு மரக்க ஒரு ஊசி, பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே பெரிய ஊசி. "ஊசியப் பாக்காத தங்கச்சி, என்னையப் பாரு" என்றாள் பார்வதியக்கா. கையை நீட்டி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். போத்தலில் இறங்கிய நீர் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அவள் எட்டிப் பார்த்து, "அடியே, ஆஸ்பத்திரித் தேத்தண்ணியவிடச் சாயம் நல்லா இருக்கு!" என்றாள். எனக்கு வலியோடு சிரிப்பு வந்து, நர்ஸ் மிஸ்ஸியிடம் திட்டு வாங்கினேன்.

அன்றிலிருந்து தினமும் ஊசி. ஸ்ட்ரெப்டோமைசின் என்று பெயர். காசத்துக்கு அதுதான் மருந்து, முன்னெல்லாம் இது கிடையாது, நீ கொடுத்துவைத்தவள் என்றார் டாக்டர். இடுப்பு இரண்டு பக்கமும் கட்டிதட்டிப்போயிற்று. இரண்டாம் மாதம் காதுக்குள் சில்வண்டு கத்துகிற இரைச்சல் தொடங்கியது. எழுந்தால் தலை சுற்றும். மருந்து காதைக் கெடுக்கும், ஆனால் உயிர் பெரிதா காது பெரிதா என்று கேட்டார் டாக்டர். உயிர்தான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் வருவார். விடியுமுன் நடந்து, நோர்வூட்டில் பஸ் பிடித்து, ரொட்டியும் இடிசம்பலும் துணியில் கட்டிக்கொண்டு வருவார். அதுவரை அடுப்பு மூட்டி அறியாத மனுஷர். ரொட்டி ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மாவு. "நல்லாருக்கா?" என்று முகத்தையே பார்ப்பார். "ம்ம்" என்று தின்பேன். குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், ஜன்னலுக்கு வெளியே நின்று ரூத்தைத் தோளில் தூக்கிக் காட்டுவார். எண்ணெய் தடவி, அவர் கையாலேயே பின்னின கோணல் சடை. அவர்கள் போனபிறகு பார்வதியக்கா என்னிடம் பேச்சுக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிடுவாள். அவளுக்கு ஒரே மகன். கவ்வாத்து வேலை, ஒரு தடவைதான் வந்தான்.

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் பழைய வாய் திரும்பிவிட்டது. பக்கத்துக் கட்டிலிலேயே ஒரு ஆத்துமா, விடுவேனா! "எம் பேரு எஸ்தருக்கா" என்று தொடங்கினேன். அட்டையைப் பார்த்துவிட்டு, "அப்ப இது?" என்றாள். "அது செத்துப்போன பேரு" என்றேன். காலை, மத்தியானம் என்று வேதம் வாசித்துக் காட்டினேன். "கர்த்தாவே, பார்வதியை நினைத்தருளும்" என்று அவள் காதுபடவே ஜெபம் பண்ணினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். தூங்குகிறாளோ என்று நிறுத்தினால், "ம், அப்புறம்?" என்பாள். தொலைந்துபோன ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஒத்த ஆட்டுக்கா அம்புட்டுத் தூரம் போனாரு?" என்பாள், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்கிறவள் மாதிரி.

ஒரு நாள் அவளே கேட்டாள். "ஒங்க உபதேசியார வரச்சொல்லேன் தங்கச்சி. எனக்கும் அந்தத் தண்ணிய ஊத்தி, எம் பேரையும் எழுதிக்கிடச் சொல்லு. எனக்கு ரொம்ப நாள் இல்ல." எனக்கு ஆகாயத்துக்கும் பூமிக்குமாகத் துள்ளவேண்டும்போல இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. புதன்கிழமை என்னை மறுபடி எக்ஸ்ரேக்குக் கொண்டுபோய், பகல் முழுக்க வாங்கில் வைத்திருந்தார்கள். வியாழன் போயிற்று. வாசலில் குடை தெரிந்தாலே இரண்டு பேரும் நிமிர்ந்து பார்ப்போம். "மழை, பாதை சரிஞ்சிருக்கும்" என்று அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாக்கியத்துக்கு நடுவே நின்று நின்று மூச்சு வாங்கினாள்.

"தங்கச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. எம் பேரு பார்வதி இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"பார்வதி எங்க அக்கா. காய்ச்சல்ல செத்துப்போனா. பேரு செக்ரோல்ல இருந்துச்சு. அதை வெட்ட வேணாம், இவளக் கொண்டாந்து நிறுத்துன்னு கங்காணி சொன்னாரு. பத்து வயசுல அக்கா பேருக்கு நின்னவதான். நான் செல்லம்மா." கொஞ்சம் சிரித்தாள். "இம்புட்டு நாளும் நீ செத்துப்போனவளுக்குல்ல ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்க. நடுவுல சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு விட்டுட்டேன்."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு ஒரு பயம் தங்கச்சி. அங்க அவரு செல்லம்மான்னு கூப்புட்டா, என்னையத்தான்னு எனக்குப் படாம போயிருமோ? அந்தப் பேருல யாரும் கூப்புட்டு எத்தன வருசம்! நான் பாட்டுக்குப் பேசாம நின்னுருவேன். நீ எப்படியும் அங்க இருப்பே. பக்கத்துல நின்னு எனக்கு ஒரு குரல் குடுத்துரு, என்ன?"

சரி அக்கா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொல்லவில்லை. ராக்காயிக்குப் பிரசங்கம் செய்த அதே வாய் இது. "அங்க அது நடக்காதுக்கா. ஒருத்தருக்காக ஒருத்தர் குரல் குடுக்க முடியாது. அவங்கவங்கதான் பதில் சொல்லணும்" என்றேன். வேதத்துக்கு ஒத்ததைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபமில்லை. "அப்படியா, சரி" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைத் தேத்தண்ணி வந்தது. அவளுடையதையும் வாங்கி நீட்டினேன். எப்போதும் போலத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "பார்வதியக்கா" என்றேன். "செல்லம்மாக்கா" என்றேன். கையைத் தொட்டபோது குளிர்ந்திருந்தது. மிஸ்ஸி வந்து போர்வையை இழுத்து மூடினாள். "மிஸ்ஸி, அவ பேரு செல்லம்மா. அந்தப் பேர எழுதுங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "கடுதாசியில பார்வதிதானே. நாங்க கடுதாசிதான் பாக்கும்" என்றாள் மிஸ்ஸி, பாவம், தெரிந்த தமிழில். பார்வதி இரண்டாம் தடவையாகச் செத்தாள். செல்லம்மா சாகவும் இல்லை, பிறக்கவும் இல்லை.

மத்தியானம் வீட்டுக்காரர் வந்தார். காலியான கட்டிலைப் பார்க்கவில்லை, வந்ததும் வராததுமாக, "ஏன்டி, புதன்கிழமை எங்க போயிட்ட? உபதேசியார் வந்து தேடிட்டுப் போனாராமே!" என்றார்.

உபதேசியார் மழையில் நனைந்து வந்திருக்கிறார். வார்டு வாசலில் புத்தகம் வைத்திருந்த பெண்ணிடம் எஸ்தரைப் பார்க்கவேண்டும் என்றிருக்கிறார். அவள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "எஸ்தர் கியலா கெனெக் நே" என்றாளாம், எஸ்தர் என்று ஒருவரும் இல்லை என்று. யாகோபுவின் சம்சாரம் என்று கேட்டிருக்கிறார். அப்படியும் இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்கத் திரும்பிவிட்டார். காளியம்மா என்ற பெயரில் நான் இன்னும் இருப்பது அவருக்குத் தெரியாது. அதைத்தான் நான் குழி தோண்டிப் புதைத்துவிட்டேனே. வாசலிலிருந்து செல்லம்மாவின் கட்டில் பத்துப் பன்னிரண்டு எட்டுத்தான் இருக்கும்.

நான் அழுத அழுகையைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். டாக்டரைக் கூப்பிட ஓடினார். இது டாக்டருக்கு உண்டான நோயா?

நீர் மறுபடி கோக்கவில்லை, எடை கூடியிருக்கிறது என்று அனுப்பிவைத்தார்கள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்றேன். சுகம் பெற்ற சாட்சி சொல்லப்போகிறேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். "செக்ரோல்ல எம் பேரு காளியம்மா. இன்னிக்கும் அதுதான். ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று தொடங்கி, செல்லம்மா வரைக்கும் சொன்னேன். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. கூட்டம் முடிந்து உபதேசியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வாசல் வரைக்கும் வந்தேம்மா" என்றார். அவருக்கும் அழுகை. பிறகு, "அவரு செக்ரோலப் பாத்துக் கூப்புடறவரு இல்லம்மா" என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். ஒற்றை ஆட்டுக்காக அவ்வளவு தூரம் போனவர், ஒரு கட்டிலைக் கண்டுபிடிக்காமலா போவார்? ஆனாலும் சுவர்ப்பக்கம் திரும்பின அந்த முகம் என்னை விடவில்லை.

மூன்று மாதம் கழித்து இலேசான வேலைக்குப் போகலாம் என்றார்கள். பெரட்டுக்குப் போய் நின்றேன். பனியும் புகையும், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையாகப் பெண்கள், எல்லாம் பழையபடிதான். கணக்கப்பிள்ளையின் வாய் அசைந்தது. அத்தனை தூரத்திலிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குள் அந்தச் சில்வண்டுச் சத்தம் மட்டும்தான். அசைகிற வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெயர் வந்ததா, போய்விட்டதா என்றே தெரியவில்லை. ஐயோ, இதைத்தானே செல்லம்மாக்கா சொன்னாள்!

அப்போது என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. ராக்காயி. அவளுடைய கத்தல் இந்தக் காதுக்கும் எட்டியது. "காளியம்மா வந்துருக்கு! இந்தா நிக்கிதுங்க!"

என்னைத் திரும்பிப் பார்த்து, "அழாத, மூக்கத் தொடச்சுக்க" என்று வாயசைத்தாள். அன்றிலிருந்து தினமும் அவள்தான் எனக்குக் குரல். ஒரு நாளும் அந்த அரைப்பேரைச் சொல்லிக் காட்டியதில்லை.

உனக்கு நிச்சயம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், இருக்கிறது. முன்பு போல லயம் லயமாகப் போய்க் கத்துகிற நிச்சயம் இல்லை. இப்போதும் போகிறேன், போனால் முதலில், "வீட்டுல உங்கள என்ன பேரு சொல்லிக் கூப்புடுவாங்க?" என்று கேட்கிறேன். பெரட்டில் ராக்காயி எனக்காகக் குரல் கொடுத்து முடித்ததும், தலையைக் குனிந்து, கம்பளிக்குள் ஒருவருக்கும் கேட்காமல் நானும் ஒரு குரல் கொடுக்கிறேன்.

"செல்லம்மா வந்துருக்குங்க."